டிக் டிக் என்று கேட்டால் முதலில் ஆஃப் செய்யுங்கள்: கெட்டுவரும் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து டேட்டா எடுக்கும் வழி

முகூர்த்த மாதம் முடிந்த கையோடு எனக்கு வரும் போன்கள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும்:

“யக்கா, நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சு. இன்னைக்குச் சொருகினா டிக்கு டிக்குங்கு. ஃபார்மட் பண்ணட்டான்னு வேற கேக்கு. ஓகே கொடுத்துரட்டா?”

“கொடுக்காத தம்பி. மொதல்ல கேபிளப் புடுங்கு. மத்தத அப்புறம் பேசுவோம்.”

பாளையங்கோட்டையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். அம்பாசமுத்திரம், வள்ளியூர் பக்கத்து ஸ்டூடியோக்காரர்கள், கல்லிடைக்குறிச்சி அப்பள வியாபாரிகள், வக்கீல் ஆபீஸ் குமாஸ்தாக்கள், அபிஷேகப்பட்டி யுனிவர்சிட்டியில் ஆராய்ச்சி செய்யும் பிள்ளைகள் என்று பலரும் டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். உள்ளே இருப்பது கல்யாண வீடியோவோ, டாலி கணக்கோ, தீசிஸோ, செய்ய வேண்டிய வேலையின் வரிசை ஒன்றுதான். அந்த வரிசை மாறினால், எடுத்திருக்கக்கூடிய டேட்டாவும் போய்விடும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஹார்ட் டிஸ்க்கின் உள்ளே தட்டுகள் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 சுற்று சுழல்கின்றன. படிக்கும் ஹெட் அந்தத் தட்டுக்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. ஒரு தலைமுடியின் தடிமன் அந்த இடைவெளியைப் போலப் பல ஆயிரம் மடங்கு இருக்கும். ஹெட் பலவீனப்பட்டாலோ தட்டில் கீறல் விழுந்தாலோ, அந்த டிஸ்க் இன்னும் எவ்வளவு நேரம் ஓடும் என்று எந்த மெக்கானிக்காலும் சொல்ல முடியாது. மிச்சமிருக்கும் அந்த ஓட்டம் முழுவதும் நகல் எடுக்கவே போக வேண்டும். ஸ்கேன் செய்வது, சரிபார்ப்பது, ரிப்பேர் செய்வது எல்லாம் நகலின்மேல் செய்யும் வேலை. மூலத்தின்மேல் ஒரு எழுத்துகூட எழுதக் கூடாது. நான் சொல்ல வருவதன் சாரம் இவ்வளவுதான். மற்றதெல்லாம் அதை எப்படிச் செய்வது என்பது.

முதலில் காதைத் தீட்டுங்கள்

ஃபேனை நிறுத்திவிட்டு, டிஸ்க்கை மேசைமேல் தட்டையாக வைத்து, ஒரே ஒரு முறை கரண்ட் கொடுத்துக் காதைப் பக்கத்தில் கொண்டுபோங்கள். பத்துப் பதினைந்து விநாடி போதும். உள்ளங்கையை மேலே லேசாக வைத்தால் சுழல ஆரம்பிப்பது கையிலேயே தெரியும்.

வழக்கமான மெல்லிய ரீங்காரம், கம்ப்யூட்டரில் டிஸ்க் தெரிகிறது, ஆனால் ஃபோல்டர் திறக்க யுகமாகிறது, காப்பி பாதியில் நின்றுவிடுகிறது என்றால் பெரும்பாலும் பேட் செக்டர், அதாவது தட்டில் படிக்க முடியாமல் கெட்டுப்போன சின்னச் சின்ன இடங்கள். இதை வீட்டிலேயே பார்க்கலாம். இந்தக் கட்டுரை முக்கியமாக இந்த வகைக்குத்தான்.

சீரான இடைவெளியில் டிக்... டிக்... என்று கேட்டால், ஹெட் தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பத் திரும்பப் போய் வருகிறது. பீப் மாதிரி சன்னமாக முனகி, சுழலாமல் நிற்கிறது என்றால் மோட்டாரால் தட்டைத் திருப்ப முடியவில்லை. ஹெட் தட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கலாம். சரக் சரக்கென்று உரசும் சத்தம் வந்தால் மிக மோசம். தட்டின் மேல்பூச்சு சுரண்டப்படுகிறது. உங்கள் டேட்டா இருப்பது அந்தப் பூச்சில்தான். இந்த மூன்றில் எது கேட்டாலும் உடனே ஆஃப் செய்யுங்கள். இதற்கு மேல் எந்த சாஃப்ட்வேரும் உதவாது. லேப் பற்றிக் கீழே சொல்கிறேன், நேராக அங்கே போய்விடுங்கள்.

சத்தமே இல்லை, சூடும் இல்லை என்றால் பயப்படுவதற்கு முன் கேபிளைப் பாருங்கள். எக்ஸ்டர்னல் டிஸ்க்கின் அந்தத் தட்டையான யுஎஸ்பி பின் நாள்பட லூசாகிவிடும். எடிட்டிங் டேபிளில் டிஸ்க்கைக் கேபிளிலேயே தொங்கவிடும் பழக்கம் ஸ்டூடியோக்களில் உண்டு, அதுதான் காரணம். வேறு கேபிள், வேறு போர்ட், டெஸ்க்டாப்பில் பின்பக்கத்து போர்ட் என்று மாற்றிப் பாருங்கள். செத்துவிட்டது என்று வரும் டிஸ்க்குகளில் கேபிள் மாற்றியதும் எழுந்து உட்காருபவை நிறைய.

மூன்றரை அங்குல டிஸ்க்குக்கு 12 வோல்ட்டும் 5 வோல்ட்டும் வேண்டும். அதனால்தான் தனி அடாப்டர் தருகிறார்கள். லேப்டாப் அடாப்டரின் பின் அதில் பொருந்திவிடும். ஆனால் அதில் வருவது பெரும்பாலும் 19 வோல்ட். மாற்றிச் சொருகினால் போர்டில் காவலுக்கு வைத்திருக்கும் டையோடு எரிந்து ஷார்ட் ஆகி, டிஸ்க் ஊமையாகிவிடும். இது கைதேர்ந்த ஆள் சரிசெய்யக்கூடிய பழுது. டேட்டா பெரும்பாலும் பத்திரமாக இருக்கும். ஆனால் அதே மாடலில் இன்னொரு டிஸ்க் வாங்கி போர்டை மாற்றிவிட்டால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒவ்வொரு டிஸ்க்கின் ஹெட்டுக்கும் ஏற்ற அளவுகள் அந்த போர்டில் ஒரு சிறு சிப்பில் எழுதப்பட்டிருக்கும். பெரும்பாலான டிஸ்க்குகளில் அந்த சிப்பையும் எடுத்துப் புது போர்டில் மாற்றி ஒட்ட வேண்டும்.

தொடக் கூடாதவை

“இதைப் பயன்படுத்துமுன் ஃபார்மட் செய்ய வேண்டும்” என்று விண்டோஸ் கேட்டால் கேன்சல். கம்ப்யூட்டர் எழும்போதே டிஸ்க்கைச் சரிபார்க்கப் போகிறேன், வேண்டாமென்றால் ஏதாவது கீயை அழுத்து என்று எண்ணிக்கை ஓடும், அழுத்தி நிறுத்திவிடுங்கள். இப்படிச் சரிபார்க்கும் செக்டிஸ்க் நல்ல புரோகிராம்தான், ஆனால் நல்ல டிஸ்க்குக்கு. அதன் வேலை ஃபைல் சிஸ்டத்தை, அதாவது எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற பதிவேட்டை, ஒழுங்காக்குவது. உங்கள் ஃபைலைக் காப்பாற்றுவது அல்ல. படிக்க முடியாத பதிவுகளை வெட்டிவிட்டு, மிச்சத்தைப் பெயரில்லாத துண்டுகளாகக் குவித்து வைத்துவிடும். அதுவும் எல்லா செக்டரையும் படிக்கச் சொல்லி ஓட்டினால் டிஸ்க்கின் கடைசி மூச்சு அதிலேயே போய்விடும்.

ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தால் ஓடும் என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. நம் ஊர் வெயிலில் ஃப்ரீசரிலிருந்து எடுத்த எந்தப் பொருளின் மேலும் நொடியில் வேர்த்துவிடும். டிஸ்க்குக்கு உள்ளேயும் அதேதான் நடக்கும். சில நானோமீட்டர் இடைவெளியில் ஈரத்துளி நின்றால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். தட்டிப் பார்ப்பது, குலுக்குவது, மூடியைத் திறந்து பார்ப்பது எதுவும் வேண்டாம். பல இரண்டரை அங்குல டிஸ்க்குகளில் தட்டு கண்ணாடியால் ஆனது.

மீட்ட ஃபைல்களை அதே டிஸ்க்கில் போடுவது, மீட்கும் சாஃப்ட்வேரை அதே டிஸ்க்கில் இன்ஸ்டால் செய்வது, இரண்டுமே கூடாது.

டிஸ்க்கே சொல்லும் கணக்கு

ஒவ்வொரு டிஸ்க்கும் ஸ்மார்ட் என்ற பெயரில் தன் உடல்நிலையைக் குறித்துவைக்கிறது. விண்டோஸில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ, லினக்ஸில் ஸ்மார்ட்சிடிஎல் இரண்டிலும் பார்க்கலாம். நான் பார்ப்பது நான்கு வரிகளை. 05 என்ற வரி, கெட்டுப்போய் மாற்றிடம் கொடுக்கப்பட்ட செக்டர்களின் எண்ணிக்கை. சி5, படிக்க முடியாமல் தவித்துக்கொண்டிருப்பவை. சி6, சரிசெய்ய முடியாதவை. சி5 ஏறிக்கொண்டே வந்தால் இன்றே நகல் எடுக்க வேண்டும், நாளைக்கு என்று வைக்கக் கூடாது. சி7 மட்டும் ஏறினால் பெரும்பாலும் டிஸ்க்கில் குறையில்லை, கேபிளில். அங்கே நூறு ரூபாய்க் காரியம் முடிந்துவிடும்.

‘நன்று’ என்று நீலத்தில் காட்டினாலும் அதை மட்டும் வைத்து நிம்மதி அடையாதீர்கள். ஹெட் திணறும் டிஸ்க்குகூட அப்படிக் காட்டும். காதில் விழுவதும் காப்பியின் வேகமுமே நம்பகமான சாட்சி.

அவசரத்துக்கு ஒரு ஃபோல்டர்

முழு டிஸ்க்கையும் நகல் எடுப்பதே முறை. ஆனால் 2 டிபி டிஸ்க்கில் உங்களுக்கு வேண்டியது 300 எம்பி டாலி ஃபோல்டர் மட்டும், அது இப்போதும் திறக்கிறது என்றால், முதலில் அதை எடுத்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன். டாலி டேட்டா ஃபோல்டருக்குள் ஒவ்வொரு கம்பெனிக்கும் 10000 மாதிரி எண்ணையே பெயராகக் கொண்ட ஒரு ஃபோல்டர் இருக்கும். அதை முழுசாக எடுக்க வேண்டும்.

இழுத்துப் போட்டுக் காப்பி செய்யாதீர்கள். ஒரு ஃபைலில் மாட்டினால் எல்லாம் நின்றுவிடும். தம்ப்நெயில் காட்டுவதற்காக விண்டோஸ் எல்லாப் படத்தையும் தொட்டுப் பார்ப்பது வேறு. விண்டோஸுடன் வரும் ரோபோகாப்பியைப் பயன்படுத்துங்கள், ஆனால் அதன் பழக்கத்தை மாற்றிவிட்டு. ஒரு ஃபைல் வராவிட்டால் 10 லட்சம் தடவை, ஒவ்வொரு தடவைக்கும் 30 விநாடி காத்திருந்து முயல்வதுதான் அதன் இயல்பான அமைப்பு. கெட்ட டிஸ்க்கில் அது தற்கொலை. மறுமுயற்சி 0, காத்திருப்பு 0 என்று கொடுத்துவிட்டால், வராததை விட்டுவிட்டு வருவதை அள்ளிக்கொண்டு போகும்.

நகல் எடுக்கத் தயாராவது

நகலைப் போட ஒரு நல்ல டிஸ்க் வேண்டும். 1 டிபி டிஸ்க்கின் நகல் இன்னொரு 1 டிபி டிஸ்க்கில் ஃபைலாக உட்காராது. ஃபைல் சிஸ்டத்துக்கும் இடம் வேண்டுமே. 2 டிபி வாங்குங்கள். அது ஃபேட்32 ஆக இருக்கக் கூடாது. அதில் 4 ஜிபிக்கு மேல் ஒரு ஃபைல் நிற்காது. என்டிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ஃபேட் சரி. புது டிஸ்க் வாங்கக் கணக்குப் பார்ப்பவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான்: மகளின் கல்யாண வீடியோ அந்தப் பழைய டிஸ்க்கில் இருக்கிறது. புது டிஸ்க் வீண்போகாது, நாளைக்கு பேக்கப்புக்கு ஆகும்.

கெட்ட டிஸ்க்கை முடிந்தால் யுஎஸ்பி பெட்டியிலிருந்து கழற்றி, டெஸ்க்டாப்பில் நேராக சாட்டா கேபிளில் மாட்டுங்கள். யுஎஸ்பி பெட்டிக்குள் இருக்கும் சின்ன போர்டு, படிப்பதில் தடங்கல் வந்தால் தொடர்பையே துண்டித்துவிடும். ஆனால் சில எக்ஸ்டர்னல் டிஸ்க்குகளில் யுஎஸ்பி வாய் டிஸ்க்கின் போர்டிலேயே ஈயம் வைத்து ஒட்டப்பட்டிருக்கும், சிலவற்றில் அந்த போர்டே டேட்டாவைப் பூட்டி எழுதியிருக்கும். அவற்றைப் பிரிக்காமல் அப்படியே யுஎஸ்பியில் ஓட்டுங்கள்.

கரண்ட் விஷயம். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்றைக்கு என்று பேப்பரில் பார்த்துக்கொண்டு ஆரம்பியுங்கள். யுபிஎஸ் கட்டாயம் வேண்டும். யுஎஸ்பியில் ஓட்டுகிற இரண்டரை அங்குல டிஸ்க் என்றால் பேட்டரி நல்லா நிற்கும் லேப்டாப்பே வசதி. சித்திரை, வைகாசி வெயிலில் டிஸ்க்கின் சூட்டையும் பார்க்க வேண்டும். ஒரு டேபிள் ஃபேனை நேராகத் திருப்பி வைப்பேன். 45 டிகிரியைத் தாண்டிப் போனால் நிறுத்தி ஆறவிட்டு, ராத்திரியில் தொடர்வேன். ஆறினால், குறைந்த வேகம் மறுபடி ஏறலாம்.

வேலைக்கு விண்டோஸ் வேண்டாம். பென்டிரைவிலிருந்து ஓடும் லினக்ஸ்தான் சரி. சிஸ்டம்ரெஸ்க்யூ என்று ஒன்று இலவசமாகக் கிடைக்கிறது. தேவையான புரோகிராம்கள் அதில் முன்பே இருக்கும். ரூஃபஸ் அல்லது வென்டாய் வைத்துப் பென்டிரைவில் ஏற்றிக்கொள்ளலாம். உபுண்டுவும் போதும், ஆனால் நகல் எடுக்கும் புரோகிராமான டிடிரெஸ்க்யூவை (ddrescue) தனியாக இறக்க வேண்டும். அங்கே அதன் பெயருக்கு முன்னால் கூடுதலாக ஒரு ஜி இருக்கும். பெயரின் நடுவில் அடிக்கோடு போட்ட இன்னொரு புரோகிராமும் இருக்கிறது, அது வேறு. ஸ்லீப், சஸ்பெண்ட் எல்லாவற்றையும் ஆஃப் செய்துவிடுங்கள்.

டிடிரெஸ்க்யூ ஓட்டுவது

குனூ டிடிரெஸ்க்யூ, அன்டோனியோ டியாஸ் டியாஸ் எழுதிய புரோகிராம். இதற்குப் பைசா கிடையாது. காசு கொடுத்து வாங்கும் பல சாஃப்ட்வேரைவிட இதை நான் நம்புகிறேன். காரணம் அதன் புத்தி: கெட்ட இடத்தில் முட்டி மோதாமல் தாண்டிப்போய், முதலில் சுலபமாகக் கிடைப்பதை எல்லாம் வாரிக்கொள்ளும். பிறகுதான் விட்ட இடத்துக்குத் திரும்பி வரும். கொய்யா மரத்தில் கைக்கெட்டுவதை எல்லாம் பறித்துவிட்டு உச்சிக்கிளைக்குத் தொரட்டி எடுப்பது மாதிரி.

முதலில் எந்த டிஸ்க் எது என்று உறுதி செய்ய வேண்டும். இங்கேதான் நிதானம் வேண்டும். எல்எஸ்பிஎல்கே (lsblk) என்ற கட்டளை எஸ்டிஏ, எஸ்டிபி என்று டிஸ்க்குகளை வரிசையாகக் காட்டும். அளவு, மாடல், சீரியல் நம்பர் மூன்றையும் காட்டச் சொல்லி, டிஸ்க்கின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளோடு ஒப்பிட்டு, ஒரு காகிதத்தில் ‘மூலம் எஸ்டிபி, நகல் எஸ்டிசி’ என்று எழுதி மானிட்டரில் ஒட்டிக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே அளவு என்றால் சீரியல் நம்பரின் கடைசி நான்கு எழுத்தைச் சத்தமாக வாசியுங்கள். மூலத்தையும் நகலையும் மாற்றிக் கொடுத்துவிட்டால் அப்புறம் யாரும் உதவ முடியாது. கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்தால் இந்தப் பெயர்கள் மாறலாம், மறுபடியும் பாருங்கள்.

கெட்ட டிஸ்க்கை மவுன்ட் செய்யாதீர்கள், அதாவது அதன் ஃபோல்டர்கள் தெரியும்படி லினக்ஸில் திறக்காதீர்கள். நல்ல டிஸ்க்கை மட்டும் மவுன்ட் செய்து, அதில் நகலுக்கு ஒரு ஃபோல்டர் போடுங்கள்.

கட்டளையின் வரிசை இது: டிடிரெஸ்க்யூ, ஆப்ஷன் டி (d), ஆப்ஷன் என் (n), அப்புறம் கெட்ட டிஸ்க்கின் பெயர், அப்புறம் நகல் போய் விழும் இமேஜ் ஃபைலின் பெயர், கடைசியில் மேப் ஃபைலின் பெயர். ஆப்ஷன் எழுத்துகளை மைனஸ் குறி போட்டு ஆங்கிலச் சின்ன எழுத்தில் தட்ட வேண்டும். டி என்பது லினக்ஸ் இடையில் வைத்திருக்கும் தற்காலிகத் தேக்கத்தை விட்டுவிட்டு டிஸ்க்கை நேராகப் படிக்கச் சொல்வது. ‘என்’ (n) என்பது கெட்ட இடங்களை இப்போது சுரண்டாதே என்பது. டிஸ்க்கின் ஒரு பகுதியான பார்ட்டிஷனை மட்டும் கொடுக்காமல் முழு டிஸ்க்கையும் கொடுங்கள்.

அந்த மேப் ஃபைல்தான் உயிர்நாடி. எந்த இடம் வந்தது, எது வரவில்லை என்று அதில் எழுதிக்கொண்டே போகும். கரண்ட் போனாலும், கண்ட்ரோல்-சி அழுத்தி நீங்களே நிறுத்தினாலும், அதே கட்டளையை மறுபடி கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆனால் பென்டிரைவ் லினக்ஸில் ஹோம் ஃபோல்டர் என்பது வெறும் ரேம். மேப் ஃபைலை அங்கே வைத்தால் கரண்ட் போனதும் அதுவும் போய்விடும். நகல் போடும் டிஸ்க்கிலேயே வையுங்கள்.

ஓட ஆரம்பித்ததும் திரையில் எண்கள் புரளும். நான் பார்ப்பது மூன்று: எத்தனை சதவீதம் வந்திருக்கிறது, இப்போதைய வேகம் என்ன, கடைசியாக வெற்றிகரமாகப் படித்து எவ்வளவு நேரமாகிறது. நல்ல டிஸ்க் சாட்டாவில் விநாடிக்கு 100 எம்பி வேகத்தில் 1 டிபியை மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்துவிடும். பழைய யுஎஸ்பி 2 போர்ட்டில் 30 எம்பிதான் என்று வைத்தால் ஒன்பது மணி நேரத்துக்கு மேல். கெட்ட டிஸ்க்கில் வேகம் 80 எம்பியில் போய்க்கொண்டிருந்து, திடீரென்று சில கேபிக்கு விழும், கொஞ்ச நேரம் நிற்கும், தாண்டும், மறுபடி ஏறும். அது இயல்பு. பக்கத்திலேயே உட்கார்ந்து பதற வேண்டியதில்லை. ஆனால் காதை மட்டும் அங்கே வைத்திருங்கள். புதிதாக டிக் சத்தம் தொடங்கினால் உடனே கண்ட்ரோல்-சி.

டிடிரெஸ்க்யூவியூ என்ற சின்ன புரோகிராம் மேப் ஃபைலைப் படமாகக் காட்டும். வந்தது பச்சை, தொடாதது சாம்பல், கெட்டது சிவப்பு. ஒரே ஒரு மூலையில் குவியலாகக் கறை இருந்தால் தட்டில் அந்த இடம் மட்டும் கெட்டிருக்கிறது, தைரியமாகத் தொடரலாம். டிஸ்க் முழுக்க சீரான இடைவெளியில் பட்டை பட்டையாக விட்டுவிட்டு வருகிறது என்றால், பல ஹெட்களில் ஒன்று போய்விட்டது. அந்த இடங்களை எத்தனை முறை கேட்டாலும் வராது. அங்கே நிறுத்திவிட்டு, வந்தது போதுமா என்று பார்த்து, போதாது என்றால் லேப்புக்குக் கொடுப்பதுதான் அறிவு.

முதல் சுற்று முடிந்ததும் ‘என்’ (n) ஆப்ஷனை எடுத்துவிட்டு, ‘ஆர்’ (r) ஆப்ஷனில் 3 கொடுத்து மறுபடி ஓட்டுங்கள். கெட்ட இடங்களைச் சுரண்டி, மூன்று முறை முயலும். பெரிய எழுத்து ஆர் கொடுத்தால் பின்னாலிருந்து முன்னோக்கிப் படிக்கும். முன்னால் போகையில் மாட்டிய இடம் சில சமயம் அந்தப் பக்கமிருந்து வந்துவிடும். எப்போது நிறுத்துவது? 99.9 சதவீதம் வந்துவிட்டது, மிச்சம் சில எம்பி, ஒரு ராத்திரி முழுக்க ஓடியும் ஒன்றும் ஏறவில்லை என்றால் நிறுத்திவிட்டு, வந்ததில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். கெட்ட செக்டர் வெறும் காலி இடத்தில்கூட இருக்கலாம்.

நகலில் ரிப்பேர்

கெட்ட டிஸ்க்கைக் கழற்றிப் பத்திரமாக எடுத்து வையுங்கள். இனிமேல் வேலை இமேஜ் ஃபைலில். இடமிருந்தால் அந்த இமேஜுக்கே இன்னொரு பிரதி எடுத்துக்கொண்டு ஆரம்பிப்பது இன்னும் நல்லது.

பெரும்பாலும் இமேஜை ரீட்-ஒன்லியாக மவுன்ட் செய்தாலே ஃபோல்டர்கள் பெயரோடு வந்து நிற்கும். வராவிட்டால் கிறிஸ்டோஃப் கிரெனியேவின் டெஸ்ட்டிஸ்க். தொலைந்த பார்ட்டிஷனைத் தேடும், உள்ளே ஃபைல்களைப் பட்டியலிட்டுக் காப்பி செய்யவும் விடும். காசு கொடுத்து வாங்குபவற்றில் ஆர்-ஸ்டூடியோ, டிஎம்டிஇ இரண்டும் நல்லவை. என்ன கிடைக்கும் என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டலாம்.

எதற்கும் மசியவில்லை என்றால் போட்டோரெக். இதுவும் கிரெனியேவுடையதுதான். ஃபைல் சிஸ்டத்தையே பார்க்காமல், ஜேபெக் எப்படித் தொடங்கும், கேனான், நிகான் ரா ஃபைல் எப்படித் தொடங்கும் என்ற அடையாளத்தை வைத்துத் தோண்டி எடுக்கும். ஃபைல் பெயரும் ஃபோல்டரும் போய்விடும். எண் போட்ட ஆயிரக்கணக்கான ஃபைல்கள் வந்து விழும். படங்களுக்கு அருமை. ஆனால் பெரிய வீடியோ ஃபைல் டிஸ்க்கில் துண்டு துண்டாகக் கிடந்தால் இது ஒட்டவைக்காது. அதனால்தான் கல்யாண வீடியோ என்றால் ஃபைல் சிஸ்டம் வழியாக எடுக்கவே கடைசி வரை முயல்கிறேன்.

அதிகம் பேர் செய்யாத ஒரு வேலை இருக்கிறது. இமேஜில் சில இடங்கள் வெறுமையாக இருக்கின்றன. அவை எந்தெந்த ஃபைலில் விழுந்தன? ஃபைலின் அளவு சரியாகவே காட்டும், திறந்தால்தான் முகூர்த்தப் படத்தின் கீழ்ப்பாதி சாம்பல் நிறத்தில் இருப்பது தெரியும். டிடிரெஸ்க்யூவில் ஃபில் மோட் என்று ஒன்று உண்டு. இமேஜின் பிரதியில், வராத இடங்களை எல்லாம் நீங்கள் கொடுக்கும் ஒரு சொல்லால் நிரப்பிவிடும். வேறெங்கும் வர வாய்ப்பில்லாத நீளமான சொல்லாகக் கொடுத்துவிட்டு, எந்த ஃபைல்களுக்குள் அந்தச் சொல் இருக்கிறது என்று தேடினால் பழுதான ஃபைல்களின் பட்டியல் கைக்கு வந்துவிடும். “அண்ணாச்சி, இத்தனை ஆயிரம் படத்துல இந்தப் பத்துதான் போச்சு, பெயர் இதோ” என்று சொன்னால், மெமரி கார்டிலோ இரண்டாவது கேமராக்காரரிடமோ அந்தப் பத்தை மட்டும் தேடிக்கொள்வார்.

புது விண்டோஸ் லேப்டாப் டிஸ்க் என்றால் பிட்லாக்கர் பூட்டு இருக்கலாம்; இருந்தால் நகலும் பூட்டியபடியேதான் வரும். 48 இலக்க ரெக்கவரி கீ வேண்டும்; அது பெரும்பாலும் அந்த லேப்டாப்பில் லாகின் செய்திருக்கும் மைக்ரோசாஃப்ட் கணக்கில் கிடக்கும். கம்ப்யூட்டர் நன்றாக ஓடும்போதே அதை எழுதிவைப்பது நல்லது. சுழலும் தட்டே இல்லாத எஸ்எஸ்டியில் டிக் சத்தம் கிடையாது; முன்னறிவிப்பு இல்லாமல் காணாமல் போகும். அழித்த ஃபைலை அதில் மீட்பதும் கஷ்டம், ட்ரிம் என்ற வசதி அழித்த இடத்தைத் துடைத்துவிடுகிறது. கம்ப்யூட்டரில் தெரியும் வரை டிடிரெஸ்க்யூ அதற்கும் பொருந்தும்.

தண்ணீரில் நனைந்தால்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி வெள்ளம் திருநெல்வேலி ஜங்ஷனுக்குள்ளும் வண்ணார்பேட்டைக்குள்ளும் வந்தபோது கம்ப்யூட்டர்களும் மூழ்கின. வெயில் வந்ததும் டிஸ்க்கைக் கழற்றி மொட்டைமாடியில் காயவைத்தார்கள், ஹேர்டிரையர் பிடித்தார்கள். இரண்டுமே வேண்டாம். சாதாரண டிஸ்க்கில் காற்று போய்வர ஒரு சிறு துளை உண்டு. சேற்றுத் தண்ணீர் அதன் வழியாகப் போயிருக்கும். காய்ந்தால் சேறு தட்டிலேயே படிந்து இறுகிவிடும். மேலே உள்ள அழுக்கைத் துடைத்து, ஈரத்துணியில் சுற்றி, காற்றுப் புகாத ஜிப் கவரில் போட்டு, கரண்ட் கொடுக்காமல் லேப்புக்குக் கொடுங்கள்.

லேப்புக்குக் கொடுப்பது

தூசி வடிகட்டிய கிளீன் ரூமில் டிஸ்க்கைத் திறந்து ஹெட் மாற்றும் இடங்கள் சென்னை, பெங்களூரு போன்ற ஊர்களில் இருக்கின்றன. கொடுப்பதற்கு முன் கேட்க வேண்டியவை: பார்த்துவிட்டுத் தொகை சொல்வீர்களா, டேட்டா வராவிட்டால் கட்டணம் உண்டா, பணம் கட்டுமுன் ஃபைல் பட்டியல் காட்டுவீர்களா, வேண்டாம் என்றால் டிஸ்க் திரும்ப வருமா. பார்ப்பதற்கு முன்பே நூற்றுக்கு நூறு என்று உறுதி சொல்பவரிடம் கொடுக்காதீர்கள். ஒரு இடத்தில் திறந்து கெட்ட டிஸ்க்கை அடுத்த இடத்தில் சரிசெய்வது பல மடங்கு கடினம். அவர்களிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்: விழுந்ததா, செக்டிஸ்க் ஓடியதா, வேறு யாராவது தொட்டார்களா.

கூரியரில் அனுப்புவதென்றால் ஆன்டிஸ்டாடிக் கவரில் போட்டு, நாலு பக்கமும் கனமாக பபிள் ராப் சுற்றி, உள்ளே அசையாதபடி அட்டைப்பெட்டியில் வையுங்கள். முடிந்தால் யாராவது நெல்லை எக்ஸ்பிரஸில் கைப்பையில் வைத்து எடுத்துக்கொண்டு போவதே மேல்.

ஒப்படைக்கும் முன்

மீட்ட ஃபைல்களை எண்ணிக்கை மட்டும் பார்த்துக் கொடுத்துவிடக் கூடாது. ஒவ்வொரு ஃபோல்டரிலும் சில படங்களை முழு அளவில் திறந்து பார்க்க வேண்டும். வீடியோவை ஆரம்பம், நடு, கடைசி என்று மூன்று இடத்தில் ஓட்ட வேண்டும். தலை நன்றாக இருந்து வால் அறுந்தவை உண்டு. டாலி என்றால் கம்பெனியைத் திறந்து, கடைசித் தேதி வவுச்சர் இருக்கிறதா என்று வியாபாரியையே பார்க்கச் சொல்வேன். அது முடிந்ததும் இன்னொரு டிஸ்க்கில் இரண்டாம் பிரதி. இரண்டையும் ஒரே பீரோவில் வைக்காமல் ஒன்றைத் தம்பி வீட்டிலோ கடையிலோ வைக்கச் சொல்வேன். பழைய டிஸ்க்கில் ‘கெட்டது, சொருகாதே’ என்று மார்க்கரில் எழுதி, தேதி போட்டு, இரண்டாம் பிரதியும் சரியாகத் திறக்கிறது என்று போன் வரும்வரை அலமாரியில் வைத்திருப்பேன்.